மகிழ்ச்சி எங்கள் அன்பியத்துக்கு விழுந்தது

நவம்பர் 30, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. பாதி ஈரப் புடவையோடு பூசைக்கு.

திருவருகைக்காலம் ஆரம்பம். பீடத்துக்குப் பக்கத்தில் பச்சை வளையம், நடுவில் நாலு மெழுகுவர்த்தி. ஞாயிறுக்கு ஒன்றாக கிறிஸ்மஸ் வரை ஏற்றுவது. புது ஃபாதர் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம். இரண்டு மூன்று தெரு சேர்ந்த செபக் குழுதான் அன்பியம். பங்கில் அது நாலு, மெழுகுவர்த்தி நாலு. அதனால் நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று எழுதி, அன்பியத்துக்கு ஒன்றாகச் சீட்டு குலுக்கினார். எது விழுகிறதோ அதை அந்தத் தெருக்காரர்கள் கிறிஸ்மஸ் வரை வீட்டில் பழக வேண்டும். அந்த வார மெழுகுவர்த்தியை அவர்களில் ஒருவர் ஏற்ற வேண்டும்.

எங்கள் இரண்டு தெருவுக்கும் மகிழ்ச்சி. கை தட்டினார்கள். ஏற்றுகிற ஆளுக்கு இன்னொரு சீட்டு. "அருள்மேரி" என்று வாசித்தார் ஃபாதர். நான்தான். கைதட்டல் இல்லை. பின்னால் யாரோ இருமினார்கள்.

பூசை முடிந்ததும் அன்பியத் தலைவி பிலோமி அக்கா நேரே ஃபாதரிடம். எனக்குக் காது கேட்காது என்று நினைப்பு.

"ஃபாதர், அது துக்க வூடுங்க. வூட்டுக்காரரு மார்ச்லதான் தவறுனாரு. இன்னும் வருசம் திரும்பல. ஸ்டாரு கட்ட மாட்டோம், பலகாரம் சுட மாட்டோம். அந்தப் புள்ளையப் போயி மகிழ்ச்சிய ஏத்தச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

சரிங்க ஃபாதர் என்றேன். இப்போது எல்லாவற்றுக்கும் சரிதான். மாட்டேன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"மகிழ்ச்சி தானா வர்றதுன்னு நெனைக்காதீங்க. அதுவும் செபமாலை மாதிரி ஒரு பழக்கம்தான். தினம் ஒரு தடவ வேலைய நிறுத்திட்டு, இன்னைக்கு எங்கயாவது இருந்துச்சான்னு பாருங்க. இருந்தா ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு அவர்கிட்டயே சொல்லிடுங்க. அதுவும் செபம்தான்."

சின்ன வயசு. சொல்லிவிட்டு பைக்கில் அடுத்த ஊர்ப் பூசைக்குப் பறந்துவிட்டார்.

இந்த டைரி பாதி காலி. இதிலேயே குறித்து வைக்கலாம். ம என்று போட்டால் மகிழ்ச்சி.

ம: இல்லை.

டிசம்பர் 1, திங்கள்

வெயில் இல்லை, மழையும் இல்லை. நான் வேலை பார்க்கிற லாரி எடை மேடையில் நாள் பூராவும் சேறு. சுண்ணாம்புக்கல் ஏற்றி ரெட்டிபாளையம் சிமென்ட் ஃபேக்டரிக்குப் போகிற லாரிகள். காலி வண்டிக்கு ஒரு எடை, லோடு வண்டிக்கு ஒரு எடை. நான் கண்ணாடிக்கு உள்ளே, கையில் மைக். "முன்னாடி எடு. இன்னும் கொஞ்சம். நிறுத்து." இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

ஒரு டிரைவர்: "டயர்ல இருக்கிற சேத்தையும் சேத்துல்ல எடை போடுறீங்க?"

நான்: "சேறு எங்க வூட்டுதா?"

சாப்பாட்டு நேரத்தில் ஃபாதர் சொன்னபடி கண்ணை மூடி உட்கார்ந்தேன். அடுத்த ஷிப்ட் செல்வம் உள்ளே வந்தவன் பயந்துவிட்டான். "அக்கா, பிரஷரா? தண்ணி குடிக்கிறீங்களா?" குடித்தேன்.

ம: இல்லை. சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

கேஸ் புக் பண்ணணும். ரேஷனில் பாமாயில் வந்திருக்கிறதாம்.

ஜெனிக்கு போன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள். என் மகள். பெரம்பலூரில் நர்சிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட முழுசாக இல்லை. கல்லறைத் திருநாளுக்கு வந்துவிட்டுப் போனவள்தான்.

அன்றைக்கு அவள் அழுத அழுகையில் பக்கத்துக் கல்லறைக்காரர்களும் சேர்ந்து அழுதார்கள். நான் மெழுகுவர்த்தி காற்றில் அணையாமல் கையைக் குவித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் பஸ் ஏறும்போது கேட்டாள். "அப்பா போயிட்டாரு. அது உனக்குத் தெரியுமா, தெரியாதாம்மா?" பஸ் எடுத்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் லூர்து போன நாளிலிருந்து நான் அழவில்லை. வீம்பு ஒன்றும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. தொட்டால் தொடுவது தெரிகிறது. அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"கிறிஸ்மஸ் லீவு என்னைக்குடி?"

"இருவத்திரெண்டு. ஆனா நான் வரலம்மா. பாடாலூர்ல நிவேதா வூட்டுக்குப் போறேன்."

"அவங்க இந்துக்காரங்களாச்சே. கிறிஸ்மஸ் ஏது?"

"நம்ம வூட்லயும்தான் இந்த வருசம் கிடையாது. அங்க ஆளுங்களாச்சும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குவாங்க."

சரி என்றேன். வைத்த பிறகுதான் வாடி என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. ஒரு வார்த்தை. அது வரவில்லை, சரி வருகிறது.

இவளும் வராமல் போய்விட்டால் அப்புறம் இந்த வீட்டில் நான் எதற்கு. இது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ம: இல்லை.

டிசம்பர் 4, வியாழன்

அன்பியக் கூட்டம், பிலோமி அக்கா வீட்டில். சுண்டல், டீ. இந்த வாரம் கிடைத்த மகிழ்ச்சியை ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டுமாம்.

ஒருத்தர் வீட்டில் மாடு கன்று போட்டிருக்கிறது. ஒருத்தர் மருமகனுக்கு பெர்மனென்ட் ஆகிவிட்டது. ஒரு அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது, எண்ணெய் பெயரையும் சொன்னார்கள், இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு ரீத்தா, "எங்க வூட்டுக்காரரு இப்பெல்லாம் நேரத்தோட வூட்டுக்கு வர்றாருங்க" என்றாள்.

என் முறை. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

சுண்டல் மெல்லும் சத்தம் நின்றது. பிலோமி அக்கா, "சரி, அடுத்து பாட்டு" என்றாள்.

திரும்பி வரும்போது ரீத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நானும் சும்மாதான் சொன்னேன். அந்தாளு இன்னும் வரல." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தெருவிளக்குக்குக் கீழே நின்றோம்.

ம: இல்லை. ரீத்தா கை சூடாக இருந்தது. அதை எதில் சேர்ப்பது?

டிசம்பர் 7, ஞாயிறு

இரண்டாம் மெழுகுவர்த்தி. அமைதிக்காரர்கள் ஏற்றினார்கள். ஏற்றிவிட்டு யார் படம் எடுப்பது என்று வாசலில் சண்டை.

அடுத்த வாரம் நான். பிரச்சினை: மூன்றாவது ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, அதற்கு ரோஸ் கலர் வேண்டும். மற்ற மூன்றும் ஊதா. போன வருஷத்து ரோஸ் கோடை வெயிலில் பீரோவுக்குள்ளேயே வளைந்து ஒட்டிப்போனது. அரியலூர்க் கடைகளில் வெள்ளை இருக்கிறது, சிவப்பு இருக்கிறது, பிறந்தநாள் கேக்குக்கு வைக்கிற நம்பர் மெழுகுவர்த்தி இருக்கிறது.

பிலோமி அக்கா யோசனை: வெள்ளை மெழுகுவர்த்தியில் ரோஸ் ஜிகினாத் தாள் சுற்றிவிடலாம்.

கோயில் உபதேசியார்: "பத்திக்கிச்சுன்னா?"

"பாதி எரியறதுக்குள்ள பூசை முடிஞ்சிரும்."

"பாதியிலயா பத்தும்? மேலேருந்துல்ல பத்தும்."

ஏற்றுகிறவளே வாங்கி வரட்டும் என்று முடிவு. பெரம்பலூரில் ஃபேன்சி கடை நிறைய இருக்கிறதாம். சரி என்றேன்.

ம: இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

லேசான வெயில். கம்பளியைக் காயப்போட்டேன்.

ஒழுங்காகவே பழகிப் பார்ப்போம் என்று இன்று நாள் பூராவும் கவனித்தேன். மற்றவர்கள் மகிழ்ச்சி என்று ஒத்துக்கொள்ளக் கூடியவை:

செல்வம் வாங்கி வந்த இஞ்சி டீ.
லாரி கேபினில் டிரைவர் மடியில் ஒரு ஆட்டுக்குட்டி, ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பார்த்தது.
கரன்ட் இருந்தது.
மருதாணிக் கையோடு ஒரு பெண் ஸ்கூட்டியில், கையைக் காற்றில் காட்டிக்கொண்டே. ஓட்டியது அவள் அண்ணனாக இருக்கும், திட்டிக்கொண்டே போனான்.
அணில்.

சரியான பட்டியல்தான். நன்றியும் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. கடைக்காரனுக்கு ரசீது கொடுப்பது போலச் சொன்னேன். உள்ளே எதுவும் அசையவில்லை.

ம: வெளியே இருக்கிறது. இங்கே இல்லை.

டிசம்பர் 13, சனி

லீவு சொல்லிவிட்டு பெரம்பலூர். பஸ்ஸில் சன்னல் சீட். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் அறுத்த காடு, ரோட்டு ஓரத்திலேயே கதிரைக் காயப்போட்டிருக்கிறார்கள். பின் சீட்டில் ஒரு கிழவர் வேப்பந்தட்டை பஸ்ஸை விட்டுவிட்டதற்கு வழி நெடுக கண்டக்டரைத் திட்டினார். இந்தக் கண்டக்டருக்கும் அந்த பஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.

ஜெனி பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள். தலைமுடியை வெட்டியிருக்கிறாள். நல்லா இருக்குடி என்று சொல்ல நினைத்து, "முடி வெட்டிட்டியா" என்றுதான் கேட்டேன்.

"மெழுகுவர்த்தி வாங்கவா பெரம்பலூர் வந்த?"

"ரோஸ் கலர் வேணும்."

கடை கடையாக ஏறினோம். ஒருத்தர் "பர்த்டேவா மேடம், எத்தனாவது?" என்றார். ஒருத்தர் எலெக்ட்ரிக் மெழுகுவர்த்தியைக் காட்டி, ஊதினால் அணையும் என்று ஊதியும் காட்டினார். அணையவில்லை. ஜெனிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மாதிரியே பொத்துகிறாள்.

கடைசியில் கல்யாண டெக்கரேஷன் கடையில் ஒன்று. கண்ணாடிக் குடுவைக்குள் குண்டாக, நல்ல ரோஸ். ரோஜா வாசனை வேறு. இதை விட்டால் இல்லை. வாங்கியாச்சு.

பேக்கரியில் டீ, பப்ஸ். அங்கேதான் கேட்டாள், இது எதற்கு என்று. சொன்னேன். நாளைக்கு மகிழ்ச்சி ஞாயிறு, எங்கள் அன்பியத்துக்கு விழுந்தது, நான் ஏற்றுகிறேன்.

"நீயா?"

"சீட்டுல பேரு வந்துச்சு."

"அப்பாவுக்கு எல்லாரும் அழுதாங்க. நீ அழல. சமையக்காரங்களுக்கு எவ்ளோ அரிசின்னு சொல்லிக்கிட்டு இருந்த. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இப்ப பஸ் ஏறி வந்து மகிழ்ச்சிக்கு மெழுகுவர்த்தி வாங்குற. எனக்குப் புரியலம்மா. நெசமா புரியல."

பப்ஸ் தூள் மேசை பூராவும். அதை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். எனக்கும் புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை.

"இருவத்திரெண்டு பாடாலூர் போறேன். நிவேதா அம்மாகிட்ட சொல்லியாச்சு."

"சரி."

"சரி, சரி. வேற வார்த்தையே கிடையாதா உனக்கு?" எழுந்து போய்விட்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று பார்த்தேன். பார்க்கவில்லை. மீதி பப்ஸைப் பொட்டலம் கட்டித் தரச் சொன்னேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

வரும்போது மடியில் குடுவை. பஸ் பூராவும் ரோஜா வாசனை. ஏம்மா கல்யாணமா என்று கேட்டார்கள்.

ம: இல்லை. அவள் சிரித்தாள், கடையில். அது அவளுடையது.

டிசம்பர் 14, ஞாயிறு

ஏற்றியாச்சு.

குடுவை ஆழம், தீக்குச்சி எட்டவில்லை, விரல் சுட்டது. மூன்றாவது குச்சியில் பற்றியது. பிலோமி அக்கா எழுதிக் கொடுத்த மன்றாட்டை வாசித்தேன். "அகமகிழ்வின் ஊற்றே இறைவா" என்று ஆரம்பம். மைக் பழக்கத்தில் லாரிக்குச் சொல்கிற குரலிலேயே வாசித்துவிட்டேன். முன் வரிசைக் குழந்தை ஒன்று பயந்து ஓர் அடி பின்னால் போனது.

பிரசங்கத்துக்குள் கோயில் முழுவதும் ரோஜா வாசனை. ஃபாதருக்கு அலர்ஜி போல. நற்கருணை கொடுக்கும் வரை தும்மல். மகிழ்ச்சி ஞாயிறு அன்று அவர்தான் கண்ணீர் விட்டார்.

வெளியே வந்ததும் என்னைப் பார்த்து மூக்கைத் துடைத்துக்கொண்டே, "பழகிக்கிட்டு இருக்கீங்களாம்மா?" என்றார்.

"தினம் இல்லன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன் ஃபாதர்."

"யார்கிட்ட சொல்றீங்க?"

"அவர்கிட்டதான்."

"அப்ப பேச்சுவார்த்தை இருக்கு. விட்டுடாதீங்க." மறுபடி தும்மல்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் இன்னொருவரிடம், "வூட்டுக்காரரு போயி ஒரு வருசம்கூட ஆவல, எவ்ளோ தைரியம்" என்றார். பாராட்டா ஏச்சா என்று தெரியவில்லை. எதுவானாலும் சரி.

ம: இல்லை.

டிசம்பர் 17, புதன்

பனி. காலையில் எட்டு மணிக்கும் லாரிகள் லைட் போட்டுக்கொண்டு வந்தன.

பதினொரு மணி இருக்கும். நாமக்கல் வண்டி ஒன்று. டிரைவர் முருகேசண்ணன். போன கிறிஸ்மஸுக்குப் பிறகு இந்த ரூட்டிலேயே ஆள் இல்லை. கேபினிலிருந்து எட்டிக் கத்தினார்.

"அக்கா, அண்ணன் எங்க? இந்த வருசமும் தாத்தா வேசம்தானா?"

எங்கள் தெருவில் வீடு வீடாகப் பாடிப் போகிற கேரலில் கிறிஸ்மஸ் தாத்தா லூர்துதான். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து. முகமூடி, சிவப்புச் சட்டை, வயிற்றுக்குத் தலையணை.

மைக்கை அணைக்காமலே சொல்லிவிட்டேன். "அவரு இல்லண்ணே. மார்ச்ல தவறிட்டாரு. ஹார்ட்டு." ஸ்பீக்கர் வழியாக யார்டு பூராவும் கேட்டிருக்கும். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த வண்டியும் நிறுத்தியது.

முருகேசண்ணன் இறங்கினார். எடை மேடையில் வண்டி நிற்கும்போது இறங்கக் கூடாது, இறங்கினார். கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அப்புறம் சொன்னார். "போன வருசம் வேசத்தோட இங்க வந்தாரேக்கா. வண்டியெல்லாம் நிறுத்தி வச்சிட்டு இந்த மேடையில ஏறி, 'மேரி, எடை போடு, தாத்தா எவ்ளோ வெயிட்டுன்னு பாப்போம்'னு சொல்லிட்டு ஆட ஆரம்பிச்சாரு. நம்பரு ஓடுது, நிக்க மாட்டேங்குது. நீங்க மைக்குல, 'ஏங்க ஒழுங்கா நில்லுங்க, எடை நிக்கல, எடை நிக்கல'ன்னு கத்துறீங்க. அவரு இன்னும் ஜாஸ்தியா ஆடுறாரு. நாங்க அத்தன பேரும் ரோட்டுல உக்காந்துட்டோம் சிரிச்சு."

எனக்கு மறந்தே போயிருந்தது. மறக்கவில்லை, வெளியே எடுக்கவில்லை. அறுபது, எண்பது, நூறு, மறுபடி அறுபது. சிவப்பு நம்பர் அப்படியே கண் முன்னால். வயிற்றுத் தலையணை நழுவித் தொடைக்கு வந்துவிட்டது. அதோடும் ஆடினார்.

சிரித்துவிட்டேன். சத்தமாக. மைக் இன்னும் ஆனில்தான் இருந்தது. யார்டு பூராவும் என் சிரிப்பு. முருகேசண்ணன் அழுதுகொண்டே சிரித்தார்.

அவர் போன பிறகு கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. சிரித்த வாய் மேல்தான் போல. அடுத்த வண்டிக்கு எடைச் சீட்டை மாற்றி அடித்துவிட்டேன், திரும்ப எடை போட வேண்டியதாயிற்று.

ம: இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. நன்றி.

டிசம்பர் 18, வியாழன்

காலையிலேயே ஜெனிக்கு போன். யோசித்தால் செய்ய மாட்டேன் என்று, பல் விளக்கியதும் போட்டேன்.

"என்னம்மா, இந்நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"நேத்து சிரிச்சேன்டி."

அவள் கேட்பதற்குள் அடுத்ததையும் சொன்னேன்.

"உங்கப்பாவ நெனச்சு சிரிச்சேன்." எடை மேடைக் கதையைச் சொன்னேன். முழுசாக, முருகேசண்ணன் சொன்னது போலவே, தலையணை வரைக்கும். சொல்லும்போது ஓர் இடத்தில் நானும் சிரித்தேன். கட் ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"எடை எவ்ளோ காட்டுச்சு?"

"நிக்கவே இல்லடி."

மூக்கை உறிஞ்சும் சத்தம். "என்கிட்ட ஏன் சொல்லல இத?"

"அப்ப உனக்குப் பரிட்ச. அப்புறம்..." அப்புறம் மார்ச் வந்துவிட்டது. சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

"எனக்கு அழுகை வரலடி. இருக்கு, எங்க இருக்குன்னு தெரியல. தேடிக்கிட்டுதான் இருக்கேன். நீ வா."

சொல்லிவிட்டேன். வா.

"டூட்டிக்கு நேரமாச்சும்மா. வைக்கிறேன்." வைத்துவிட்டாள்.

வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இட்லி கல்லாக வந்திருந்தது, அப்படியே தின்றேன்.

டிசம்பர் 20, சனி

ஜெனி போன் இல்லை. நானும் போடவில்லை. மறுபடி போட்டால் கெஞ்சுவது போல ஆகிவிடும். கெஞ்சலாம்தான். நாளைக்குப் பார்ப்போம்.

ரீத்தா வீட்டில் ஸ்டார் கட்டிவிட்டார்கள். வெளிச்சம் எங்கள் வாசலிலும் பாதி விழுகிறது. தெருவில் எங்கள் வீடு ஒன்றுதான் இருட்டு. சமையலுக்குத் தேங்காய் இல்லை.

ம: மறந்துவிட்டேன் பார்க்க.

டிசம்பர் 21, ஞாயிறு

நாலும் எரிந்தன. உபதேசியார் ரோஸ் குடுவையைப் பீடத்திலிருந்து ஒரு கஜம் தள்ளி வைத்திருந்தார், ஃபாதர் மூக்குக்காக.

பிலோமி அக்கா வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"செவ்வாக்கெழம நம்ம தெருவுக்குக் கேரல் மேரி. உன் வூட்டுக்கு வரமாட்டாங்க, சங்கடப்படாத. வழக்கம்தான். டிரம்ம நிறுத்திட்டு அமைதியா தாண்டிப் போயிருவாங்க, மரியாதைக்கு. பலகாரம் நீ ஒண்ணும் சுட வேணாம், எல்லா வூட்லேருந்தும் தட்டு வந்துரும்."

"சரிக்கா."

வாசலில் நின்று ஏதோ சொல்ல வந்தாள். சொல்லாமல் என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். வாய்தான் அப்படி. மனசு கெட்டது இல்லை.

ஜெனி: எடுக்கவில்லை. இரண்டு தடவை.

டிசம்பர் 22, திங்கள்

மத்தியானம் எடை மேடை. கண்ணாடியைத் தட்டினார்கள். சீட்டுக்கு அவசரப்படுகிற டிரைவர் என்று நினைத்து, "பொறுங்க" என்று திரும்பினால் ஜெனி. தோளில் பை. முகமெல்லாம் தூசி, ரோட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"நிவேதா வூட்ல ஒறமொறையெல்லாம் வந்திருக்காங்களாம். எடம் இல்ல. அதான்."

பொய். நிவேதா வீடு மாடி வீடு.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

டிபன் டப்பாவைக் கொடுத்தேன். என் ஸ்டூலில் உட்கார்ந்து தின்றாள், நான் நின்றுகொண்டே நாலு வண்டி எடை போட்டேன். தின்று முடித்து வெளியே போய், லாரி இல்லாத நேரம் பார்த்து மேடை மேல் ஏறி நடுவில் நின்றாள். ஆடவில்லை. சும்மா நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு இறங்கினாள். நான் நம்பரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன்.

இருபத்தைந்து மத்தியானம் கிளம்பிவிடுவாளாம். படிக்க இருக்கிறதாம். சரி என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ம: இருந்தது. பயமாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

வானம் மூட்டம், மழை இல்லை. ஜெனி வீட்டைக் கழுவிவிட்டாள். லூர்து சட்டைகள் இருந்த பீரோவைத் திறந்து, மூடினாள்.

ஏழு மணிக்குக் கேரல். பின் தெருவில் டிரம் சத்தம் கேட்டது, பிறகு முனையில். ரீத்தா வீட்டு வாசலில் ஒரு பாட்டு. அப்புறம் நின்றது. செருப்புச் சத்தம் மட்டும். யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். அத்தனை பேர் எங்கள் வாசலை வாயைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற சத்தம்.

ஜெனி சன்னலில் நின்றாள். "அம்மா, நிறுத்திட்டாங்க" என்றாள். குரல் சின்னப்பிள்ளை குரலாகிவிட்டது.

எனக்குக் காது சுட்டது. கோபம். புதன்கிழமை வந்த கோபம் இல்லை, இதற்கு ஆள் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

எல்லோரும் பிலோமி அக்காவைப் பார்த்தார்கள். "மரியாதைக்குத்தான் மேரி. வருசம் திரும்பலையே."

"அவரு ஆடுன வாசல்க்கா இது. இங்க சத்தமில்லாம போறதா மரியாத? அடிக்கச் சொல்லுங்க."

"ஊருல..."

"நான் பேசிக்கிறேன். அடிங்கப்பா."

அடித்தார்கள். முதலில் பயந்து பயந்து, அப்புறம் ஒழுங்காக. தாத்தா வேஷம் இந்த வருஷம் கொத்தனார் மரியதாஸ். செங்கல் சுமப்பது போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இடுப்பை மட்டும் ஆட்டினான். பார்க்கச் சகிக்கவில்லை.

"மரியதாசு, இடுப்ப விடு. தோள ஆட்டணும். வலது தோள மட்டும்."

முகமூடிக்குள்ளிருந்து, "எப்படிக்கா?"

காட்டினேன். இடது கையை வயிற்றுத் தலையணைக்குக் கொடுத்து, வலது தோளை மட்டும் குலுக்கி, நாலு அடிக்கு ஒரு தடவை பின்னால் விழப் போகிற மாதிரி சாய்ந்து, விழாமல் நிமிர வேண்டும். நிமிரும்போது பிள்ளைகளைப் பார்த்து ஒரு தலையாட்டு. துக்க வீட்டு வாசலில், இத்தனை பேர் முன்னால், நைட்டிக்கு மேல் துண்டோடு. பிலோமி அக்கா வாயில் கை வைத்தவள் எடுக்கவே இல்லை. ரீத்தாதான் முதலில் கை தட்டினாள். மரியதாஸ் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து ஆடினான். கடைசியில் தோள் வந்துவிட்டது அவனுக்கு.

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு திரும்பினால், ஜெனி வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா மாதிரியே ஆடுறம்மா. அச்சு அசல். எப்பம்மா கத்துக்கிட்ட?"

"கத்துக்கல. வருசா வருசம் பாத்துக்கிட்டே இருந்தேன்டி."

என் மேல் சாய்ந்துகொண்டாள். முடி வெட்டிய பிறகு இப்போதுதான் அந்தத் தலையைத் தொடுகிறேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வரும்போது வரட்டும். உள்ளே ஏதோ இளகின மாதிரி இருந்தது, மூச்சு கொஞ்சம் ஆழமாகப் போனது. சந்தோஷமாக இருந்தேன். லூர்து இல்லாமல் சந்தோஷமாக இருந்தேன், அது கொடுமையாகவும் இருந்தது.

நாளைக்கு: பால்காரரிடம் அரை லிட்டர் கூடச் சொல்லணும், ஒரு வாரத்துக்கு. ஜெனி ஒண்ணாம் தேதி கழித்துத்தான் போகிறாளாம்.